சுவருக்கு இந்தப் பக்கம் காய்த்த கொடி

என் ஓரகத்தி என் கொடியை அடியோடு வெட்டிப் போட்டாள். அதற்கு நான் பழி வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்று இங்கே சொல்லப்போகிறேன். யாரும் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக இல்லை. அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு நறுவிசாக நான் வேறு எதையும் செய்ததில்லை. அதை எத்தனை நாள்தான் எனக்குள்ளேயே வைத்துக்கொள்வது?

மாமனார் கட்டிய வீட்டை அண்ணன் தம்பி இருவரும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவர் பங்கு கிழக்கே, எங்கள் பங்கு மேற்கே. பின்கட்டிலும் அந்தச் சுவர் ஓடுகிறது, ஓர் ஆள் உயரத்துக்கு. அந்தப் பக்கம் என் ஓரகத்தி. நான் அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவேன், இன்றைக்கும். அவள் பேச்சு சுவரைத் தாண்டி வரும், என் வீட்டுக் குழம்பு வாசனை அந்தப் பக்கம் போகும். இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஏலகிரிக்குப் போயிருந்தபோது ரோட்டோரக் கடையில் மஞ்சள் நிறத்துப் பேஷன் ஃப்ரூட் வாங்கித் தின்றேன். மலைக்காரர்கள் சிலர் தாட்பூட் பழம் என்பார்கள். உள்ளே ஜெல்லி மாதிரி சாறும் கறுப்பு விதையுமாக, புளிப்பு உச்சந்தலைக்கு ஏறும். விதையைத் துப்பாமல் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து சுவரோரம் போட்டேன். முளைத்தது. அதைப் பார்த்ததும் ஓரகத்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாணியம்பாடியில் இருக்கும் தன் அக்கா வீட்டிலிருந்து ஒரு கொம்பை ஒடித்துவந்து சுவருக்கு அந்தப் பக்கம் நட்டாள். இரண்டு கொடிகளும் சுவர் மேல் ஏறி ஒன்றையொன்று பின்னிக்கொண்டன. மதியத்தில் பூ விரியும். கருவண்டுகள் ரெண்டு பக்கமும் ரீங்காரம் போட்டுக்கொண்டு போய் வரும். ரெண்டு பேருக்குமே நன்றாகக் காய்த்தது. தன் கொடிதான் ஜாஸ்தி காய்க்கிறது என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

விட்டிருக்கக் கூடாது. ஒரு காதுகுத்து விசேஷத்துக்கு நான் அந்தப் பழத்தில் ஜூஸ் போட்டு ஒரு பெரிய பாத்திரம் நிறைய எடுத்துப்போனேன். வந்தவர்களெல்லாம் பிரியாணியை விட்டுவிட்டு ஜூஸைப் பற்றியே பேசினார்கள். ஓரகத்தி முகம் அன்றைக்குப் போன போக்கை நான் பார்த்தேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கல் ஆபரேஷன். நான் வேலூர் பாகாயத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தேன். அவரைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பிப் பின்கட்டுக்குப் போனால், கொடி முழுக்கச் சுருண்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. தரைக்கு ஒரு சாண் மேலே, அரிவாளால் ஒரே வெட்டு. பிஞ்சுகள் சுருங்கித் தோல் பையாகிக் கிடந்தன. நான் சுவருக்கு மேலே தலையை நீட்டினேன்.

“அக்கா, யாருக்கா வெட்டுனது?”

“நான்தான் ஆள் வச்சி வெட்டச் சொன்னேன். பாம்பு பூந்துச்சி. வீட்ல நீங்க இல்ல, யார கேக்குறது?”

“ஒரு போன் பண்ணிருக்கலாம் இல்ல?”

“ஆஸ்பத்திரியில புருஷன வச்சினு இருக்கறவகிட்ட செடியப் பத்திப் பேச முடியுமா? நல்லா கேக்குற நீ!”

பாம்பு என் கொடியில் மட்டும்தான் ஏறுமாம். அதோடு பின்னிக் கிடந்த அவள் கொடியில் ஒரு இலைகூடக் கசங்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அன்று முழுக்க எரிந்தது. என் வீட்டுக்காரர், “விடு, ஒரு செடிதானே,” என்றார். தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு அவர் அதைச் சொன்னதால் நான் அவரைத் திட்டவில்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் தாவரவியல் படித்தவள். திருப்பத்தூரில் தங்கிப் படித்து பி.எஸ்சி. முடித்தேன். அந்தப் படிப்பை இந்த வீட்டில் யாரும் மதித்ததில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சேர்ந்து, தைத்து வரும் ஷூவில் தையல் பிசகி இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆனால் படித்தது மறக்கவில்லை. ‘தன் ஒவ்வாத்தன்மை’ என்று ஒரு பாடம். சில செடிகள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்றுக்கொள்ளாது. உதாரணத்துக்கு மேடம் ராஸ்பெர்ரியைச் சொன்னார்கள். அவர்களும் ராஸ்பெர்ரியைக் கண்ணால் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை. காட்டில் தானாக வளரும் ராஸ்பெர்ரிக்கு வேறொரு செடியின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். மனிதன் தோட்டத்தில் வைத்துப் பழக்கிய ராஸ்பெர்ரி தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும் என்று சொல்லிவிட்டு, “இது பரீட்சைக்கு வரும்,” என்றார்கள். வந்தது. பக்கம் பக்கமாக எழுதினேன்.

பேஷன் ஃப்ரூட்டிலும் அதே கதைதான். ஊதா நிறத்தது ஒண்டியாக இருந்தாலும் காய்க்கும். மஞ்சள் நிறத்தது அந்தக் காட்டு ராஸ்பெர்ரி மாதிரி. பக்கத்தில் வேறொரு கொடி இருந்தே ஆக வேண்டும். அதுவும் அதே கொடியில் ஒடித்து நட்ட கொம்பாக இருந்தால் உதவாது. ஒரே கொடியிலிருந்து நூறு கொம்பு நட்டாலும் அது ஒரே கொடிதான். என் கொடி ஏலகிரி விதை, அவளுடையது வாணியம்பாடிக் கொம்பு. இரண்டும் வேறு வேறு என்பதால்தான் இரண்டும் காய்த்தன. அவள் கொடியில் தொங்கிய ஒவ்வொரு பழத்துக்கும் என் கொடிதான் காரணம். அதைத்தான் அவள் வெட்டிப் போட்டாள்.

இது என் மூளையில் உறைத்தது கம்பெனியில், கையில் ஒரு ஷூவை வைத்துக்கொண்டு நின்றிருந்தபோது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் செக்கிங் பண்ணுகிறவள் திரும்பிப் பார்த்தாள். ஆம்பூர் பஜார் பக்கத்துக்காரி, வீட்டில் உருது பேசுகிறவள், எனக்கு நல்ல தோஸ்த்.

“இன்னாக்கா, தனியா சிரிக்கிறே?”

“ஒண்ணும் இல்ல. நல்ல சேதி ஒண்ணு.”

திரும்பவும் விதை போட்டோ கொம்பு வைத்தோ ஒரு கொடியை வளர்த்திருக்கலாம். ஆனால் வளர்த்தால் எனக்கும் காய்க்கும், அவளுக்கும் காய்க்கும். எனக்கு இல்லாமல் போனாலும் சரி, அவளுக்கு ஒன்றுகூடக் கிடைக்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால் எதையும் நடவில்லை.

மழை விட்டதும் அவள் கொடி பூத்தது. அந்த மாதிரிப் பூத்து நான் பார்த்ததில்லை. என் கொடி இல்லாத இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுவர் முழுக்க, என் பக்கம் பாதி வரைக்கும் தொங்கியது. வெள்ளையும் ஊதாவுமாக மதியம் விரிந்து, சாயந்திரம் மூடி, மறுநாள் மஞ்சளாகிக் காம்போடு உதிர்ந்தது. அவள் தினமும் பெருக்கி அள்ளினாள். உரம் வைத்தாள், மோர் ஊற்றினாள், வேப்பம்புண்ணாக்கு கரைத்து ஊற்றினாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த நாட்களில் எனக்கு ராத்திரிச் சாப்பாடு ருசியாக இறங்கியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் அவள் காரணம் கண்டுபிடித்தாள். நான்தான் காரணமாம். என் கண் பட்டு, என் வயிற்றெரிச்சல் பட்டுப் பூவெல்லாம் கொட்டுகிறதாம். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொன்னாள், ரேஷன் கடையில் சொன்னாள். கொடி படர்ந்த சுவர் மேல் திருஷ்டி பொம்மை ஒன்று வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு குழந்தை ஷூவையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். தையல் கோணலாக இருந்ததால் கம்பெனியில் நான் தள்ளிவிட்ட ஷூ அது. அவள் மகள் சின்னவளாக இருந்தபோது நான் கொண்டுவந்து கொடுத்தது. அதையே எனக்கு எதிராகக் கட்டித் தொங்கவிட்டாள்.

அந்த மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓரகத்தி தோல் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்த வருஷங்களில், அந்தப் பெண் என் வீட்டில்தான் கிடந்தாள். என் பையன்கள் ரெண்டு பேருக்கும் சோறு ஊட்டும்போது மூன்றாவது வாய் அவளுடையது. தலை பின்னியது, பேன் பார்த்தது, வயசுக்கு வந்தபோது பயந்துபோய் ஓடிவந்தது எல்லாம் என்னிடம்தான். ‘சித்தி’ என்று அவள் கூப்பிடுகிற மாதிரி என் பையன்கள்கூட என்னை ‘அம்மா’ என்று கூப்பிட்டதில்லை. கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவள், இப்போது பிள்ளைத்தாச்சியாக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கிறது. இந்தப் பக்கம் வரவில்லை. வரவிடவில்லை.

‘கண்ணு’ என்று என்னைத் தெருவில் சொன்னதைக்கூட நான் பொறுத்திருப்பேன். இதைப் பொறுக்க முடியவில்லை. பூ உதிர்ந்தால் மட்டும் போதாது, அவள் கண் முன்னாலேயே அவள் கொடி எனக்குக் காய்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் கொடி வெட்டுப்படுவதற்கு முன்பே அதில் ஒரு கொம்பை ஒடித்து அந்தத் தோஸ்துக்குக் கொடுத்திருந்தேன். அவள் வீட்டு முற்றத்தில் அது நன்றாகப் பிடித்து, பக்கத்து வீட்டுக் கொடியின் தயவில் காய்த்துக்கொண்டும் இருந்தது. அதாவது என் கொடி சாகவில்லை. ஆம்பூரில் பூத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் விரிந்த பூக்களை டிபன் பாக்ஸில் பறித்துப் போட்டேன்.

“லீவு நாள்ல பூவுக்காகவா இவ்ளோ தூரம் வந்தே? பாகல் ஆய்ட்டியா, பைத்தியமா உனக்கு? இரு, சாப்ட்டுட்டுப் போ,” என்றாள்.

“சாப்பாட்டுக்கு நேரம் இல்ல. பூ வாடிடும்.”

“யார் தலையில வைக்கப் போறே இந்தப் பூவ?”

“என் ஓரகத்தி தலையில,” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மூடியை அழுத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓரகத்தி வீட்டில் எல்லோரும் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கம்பெனியில் பசை பூசுகிற சின்ன பிரஷ், புதுசு ஒன்று கையில். ஆம்பூர்ப் பூவின் மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு, சுவருக்கு என் பக்கம் தொங்கிய ஒவ்வொரு பூவின் சூலக முடியிலும் வைத்தேன். அந்தப் பக்கத்துப் பூ ஒன்றைக்கூடத் தொடவில்லை. கருவண்டு வந்து என் மகரந்தத்தை அங்கே கொண்டுபோய் அவளுக்குத் தானம் பண்ணிவிடக் கூடாது என்று, தொட்ட பூவையெல்லாம் இதழைக் குவித்து நூலால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டேன். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் இதே வேலைதான். பூஜைக்குக்கூட நான் அவ்வளவு சிரத்தையாக உட்கார்ந்தது கிடையாது.

காய் பிடித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் மட்டும், பச்சைப் பச்சையாக, உருண்டு திரண்டு. அந்தப் பக்கம் வெறும் இலை. அவள் மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தாள். ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. கொடியை வெட்டிவிடலாமென்றால், பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் காய்த்துக் கிடக்கிற கொடியில் கத்தி வைக்கக் கூடாது. என் கொடியை வெட்டிய அதே அரிவாள் அவள் வீட்டு மூலையில் சும்மா கிடந்தது.

வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு ஓரகத்தி தெரு முழுக்க அழைத்தாள். எங்களுக்கு முந்தின வீட்டுக்குப் போனாள். எங்களுக்கு அடுத்த வீட்டுக்குப் போனாள். எங்கள் வாசலைத் தாண்டும்போது தட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள். மூத்தவர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ மட்டும் வந்துட்றா. வீட்ல தப்பா எடுத்துக்க வேணாம்னு சொல்லு,” என்றாராம். அன்றைக்கு நான் அழுதேன். நான் வளர்த்த பெண்ணின் கையில் வளையல் போட எனக்கு அழைப்பு இல்லை.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேறொரு ஆசை வந்திருந்தது. “சித்தி போடுற அந்த ஜூஸ் வேணும்” என்று பிடித்துக்கொண்டாள். ஆம்பூர் பழக்கடைகளில் கேட்டார்கள், வேலூருக்கும் ஆள் அனுப்பினார்கள், கிடைக்கவில்லை; வாணியம்பாடி அக்கா வீட்டுக் கொடியும் அந்த வருஷம் பட்டுப்போயிருந்தது. பிள்ளைத்தாச்சி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது ஓரகத்தியின் நம்பிக்கை. இந்தப் பக்கமோ பழங்கள் மஞ்சளாகி ஒவ்வொன்றாகத் தொப்பென்று என் சிமெண்ட் தரையில் விழத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு சத்தமும் அவளுக்குக் கேட்டிருக்கும்.

ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றாள்.

“பொண்ணு அந்தப் பழத்தக் கேக்குறா.”

“எந்தப் பழம்க்கா?”

“தெரியாத மாரி கேக்காத. உன் பக்கம் தொங்குதே, அதான்.”

“அது உங்க கொடி. உங்க பழம். பறிச்சினு போங்க, நான் இன்னா வேணாம்னா சொன்னேன்?”

அவள் நகரவில்லை. “நீ உன் கையால, மனசாரக் குடுத்தாதான் அவளுக்கு ஒத்துக்கும்.”

“மனசாரக் குடுக்கணும்னா, என்ன மனுஷியா மதிச்சிக் கூப்பிட்டவங்களுக்குத்தான் குடுக்க முடியும்.”

போனாள். கொஞ்ச நேரத்தில் குங்குமத் தட்டோடு வந்தாள், வாணியம்பாடி அக்காவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு. தெரு வேடிக்கை பார்த்தது. எனக்குக் குங்குமம் கொடுக்கும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையை நினைத்தால் இப்போதும் எனக்கு இனிக்கிறது. பழங்களைக் கூடை நிறையப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“உண்மையச் சொல்லு. இன்னா பண்ண? யார்கிட்ட போய் மந்திரிச்சினு வந்த?”

சொல்லியிருக்கலாம். பிரஷ், நூல், ஆம்பூர்ப் பூ, பாடத்தில் வந்த ராஸ்பெர்ரி என்று அங்கேயே சொல்லி முடித்திருக்கலாம். சொன்னால் அவள் பயம் போய்விடும். போனால் நாளைக்கே அந்த பிரஷை அவள் வாங்குவாள். எனக்கு அந்தப் பயம் வேண்டியிருந்தது.

“யார்கிட்டயும் போகலக்கா. நானே பாத்துக்கிட்டேன்,” என்றேன்.

அவள் முகம் வெளிறிப்போனது. கூடையை உடம்பில் படாமல் எட்டப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒரு டம்ளர் ஜூஸ் போட்டு உட்கார்ந்து நிதானமாகக் குடித்தேன்.

வளைகாப்பு அன்று இருப்பதிலேயே நல்ல பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தேன். அவள் கை அளவு எனக்குத் தெரியும், கடைக்காரரிடம் சொல்லித்தான் வாங்கினேன். எனக்கு வழிவிட்டார்கள். வழிவிட்ட விதத்தைக் கவனித்தேன். பிள்ளைகளைக் கையைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். இழுக்கட்டும், அதற்கும் சேர்த்துத்தான் வந்திருக்கிறேன் என்று நடந்தேன்.

மணையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் சந்தனம். எத்தனை மாதம் கழித்து அந்த முகத்தைப் பக்கத்தில் பார்க்கிறேன்! சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு குனிந்தேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, இடது கையால் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

அம்மா சொல்லிக் கொடுத்துச் செய்ததா, தானாகச் செய்ததா என்று நான் அவள் கண்ணைப் பார்த்தேன். தானாகத்தான் செய்தாள்.

“அது ஒண்ணும் இல்லடி கண்ணு,” என்றேன், குனிந்தபடியே, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “வேற கொடியோட பூவுல இருந்து தூள் எடுத்தாந்து வச்சேன். அவ்ளோதான். பாடத்துல வர்றதுதான். யார வேணா கேட்டுப் பாரு.”

“சரி சித்தி,” என்றாள்.

“நெஜமா. பிரஷால வச்சேன்டி.”

“சரி சித்தி, சரி சித்தி,” என்றாள், பெரியவர்கள் என்ன சொன்னாலும் தலையாட்டி அனுப்பிவைக்கிற குரலில். வலது கையை என் பக்கம் நீட்டினாள். நான் வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். கடைசி வளையல் ஏறும்வரை அவள் இடது கையை வயிற்றின் மேலிருந்து எடுக்கவில்லை.